வாய் பிளக்கும் நினைவுப் புத்தகம்

வணக்கம். தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் என் ஆயாவுக்கு 80 நிறைகிறது. கைக்காகிதத்தைத் தைத்து, அவரது பழைய கண்டாங்கிச் சேலையால் அட்டை போட்டு ஒரு நினைவுப் புத்தகம் செய்தேன். படங்களை ஒட்டியதும் மூடவே மாட்டேன் என்கிறது. அட்டை வளைந்துவிட்டது, பேனா மை ஊறிப் பரவுகிறது. ஆயாவின் அப்பச்சி பர்மாவிலிருந்து போட்ட கடிதங்களையும் ஒட்ட ஆசை. இதையே சரிசெய்யலாமா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

புதிதாகத் தைத்துவிடுங்கள், ஒரு மாதம் தாராளம். கடிதங்கள் பக்கம் மட்டும் பசையோடு போகாதீர்கள்.

வாய் பிளப்பது தையலின் குற்றமில்லை. முதுகில் இருப்பது தாளின் கனம்தான்; முன்பக்கத்தில் படங்களின் கனமும் சேர்ந்துகொள்கிறது. அதே காகிதத்தில் இரண்டு அங்குலப் பட்டைகள் கிழித்து, நடுவில் மடித்து, தாள்களுக்கிடையே செருகிச் சேர்த்துத் தைத்துவிட்டால் முதுகும் பருக்கும். வெறும் புத்தகம் ஆப்பு மாதிரித் தெரியும், பயப்படாதீர்கள். படங்கள் ஏற ஏற மட்டமாகிவிடும். தாள் தடிமனாக இருந்தால் ஒரு மடிப்புக்கு மூன்று தாள் போதும்.

மை பரவுவது கஞ்சி போடாத தாளில். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் எழுதலாம், குடித்துவிட்டால் ஆகாது. அந்தக் காலத்தில் மாவுக்கஞ்சி தடவி, காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நீங்கள் அவ்வளவு மெனக்கெட வேண்டாம். பென்சிலில் எழுதுங்கள், மங்காது, ஓடாது.

கண்டாங்கியில் நல்ல பாகத்தை வெட்டாதீர்கள், கிழிந்த இடம் எப்படியும் இருக்கும். சாயம் போகிறதா என்று நனைத்துப் பாருங்கள். துணியின் பின்னால் மெல்லிய தாளை மைதாப் பசையில் ஒட்டி, காய்ந்த பிறகுதான் அட்டையில் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் பசை இழை வழியே கசிந்து கறையாகும். வெளியே துணி இழுப்பதால்தான் அட்டை வளைகிறது. உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டி, ராத்திரி முழுக்கக் கனம் ஏற்றி வையுங்கள். பைண்டிங் செய்பவர்கள் பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பதுண்டு. கணக்கு நோட்டுக்குச் சரி; இதில் வேண்டாம், செம்பு நாளடைவில் காகிதத்தை நொறுங்க வைக்கும்.

கடிதத்துக்கு வருவோம். இடம் பற்றாமல் ஓரத்தில் நெடுக்காகவும் பின்பக்கத்திலும் எழுதியிருப்பாரே, ஒட்டினால் பாதிக் கடிதம் போச்சு. கடைசி அட்டையின் உள்பக்கம் தாளை மடித்து ஓர் உறை செய்து, அதில் போட்டுவையுங்கள். ஒட்டித்தான் ஆகவேண்டுமென்றால் ஸெராக்ஸை ஒட்டலாம். படங்களுக்கும் நான்கு மூலையில் முக்கோணக் காகிதம் போதும், பசை படத்தில் படவே வேண்டாம்.

ஒவ்வொரு படத்துக்கும் எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அலங்காரம், காய்ந்த பூ எல்லாம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. யார் யார், எந்தக் கல்யாணத்தில் எடுத்தது என்று ஆயா சொல்லச் சொல்ல அதில் எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம், விழாவுக்கு முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அன்றைக்கென்றால் பங்காளிகள் எல்லாரும் புரட்டி முடித்து ஆயா கைக்கு வர ராத்திரியாகிவிடும்.