ஸ்பிரிங் வெட்டிய காருக்குக் காப்பீடு கிடைக்குமா?

கேள்வி: காரின் உயரத்தைக் குறைப்பதற்காக நான்கு ஸ்பிரிங்குகளிலும் ஒன்றரைச் சுற்று வெட்டி எடுத்திருந்தேன். சென்ற மாதம் வளைவில் கார் சறுக்கி இருசக்கர வாகனத்தில் மோதியது. அதை ஓட்டியவருக்குக் கால் முறிந்துவிட்டது. ஸ்பிரிங் வெட்டியதைக் காட்டி, என் காரின் சேதத்துக்குப் பணம் தர காப்பீட்டு நிறுவனம் மறுக்கிறது. அடிபட்டவரும் வழக்குத் தொடரப்போகிறார். புது ஸ்பிரிங் மாட்டிவிட்டால் தப்பிக்க முடியுமா?

பதில்: ஸ்பிரிங்கில் இப்போது கை வைக்காதீர்கள். விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமா என்று மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை தரவேண்டும். அதற்கு முன் மாற்றினால், சாட்சியத்தை மறைத்ததாக பாரதிய நியாய சன்ஹிதா (குற்றங்களுக்கான தண்டனைச் சட்டம்) 238-ஆம் பிரிவையும் நீங்கள் சந்திக்க நேரிடலாம். நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரிடம் புகைப்படங்களும் இருக்கும்.

அடிபட்டவரின் இழப்பீடு வேறு, உங்கள் காரின் சேதம் வேறு. மூன்றாம் நபருக்கு, அதாவது இங்கே அடிபட்டவருக்கு, தரவேண்டிய பணத்தை மறுக்க எந்தெந்தக் காரணங்களைச் சொல்லலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 150-ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. ஸ்பிரிங்கை வெட்டியது அந்தப் பட்டியலில் இல்லை. பாலிசி எடுக்கும்போதே மாற்றத்தை மறைத்தீர்கள் என்று நிறுவனம் வாதிடலாம். அதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். அன்றே நகலை நிறுவனத்துக்கு அனுப்பி, ஒப்புகை பெறுங்கள். கால் முறிந்து கிடப்பவருக்குப் பணம் சீக்கிரம் போய்ச் சேருவதுதான் உங்களுக்கும் நல்லது.

உங்கள் காரின் சேதம்தான் சிக்கல். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. "வெட்டியிருந்தது" என்று எழுதினால் மட்டும் போதாது, வெட்டியதால்தான் விபத்து நேர்ந்தது என்று காட்டவேண்டும் என நாம் வாதிடலாம். ஆனால் வளைவில் சறுக்கிய வண்டிக்கு அந்த வாதம் பலவீனமானது என்பதை மறைக்க விரும்பவில்லை. சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங் இறுகும், மேலும் கீழும் அசையும் இடமும் சுருங்கும். பள்ளத்தில் இறங்கினால் சஸ்பென்ஷன் ரப்பர் தடுப்பில் போய் முட்டி, சக்கரம் தரையில் பிடிமானத்தை இழக்கும். பழைய ஷாக் அப்சார்பரால் இறுகிய ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க முடியாது. வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாகப் பொருந்தாமல், சக்கரம் தொங்கும் நேரத்தில் விலகிவிடவும் கூடும். கேஸ் கட்டரால் அறுத்திருந்தால் அந்தச் சூட்டில் எஃகின் உறுதியே கெட்டிருக்கும். முனையில் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்தே சர்வேயர் கண்டுபிடித்துவிடுவார்.

ஆகவே முழுத் தொகைக்கு மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். தனிப்பட்ட உபயோகத்துக்கான காரை வாடகைக்கு ஓட்டி நிபந்தனையை மீறிய ஒரு வழக்கில், 2010-இல் உச்ச நீதிமன்றம் தொகையில் ஒரு பகுதியை வழங்கச் சொன்னது (அமலேந்து சாஹு வழக்கு). அதைச் சுட்டிக்காட்டி, பகுதித் தொகையாவது தரும்படி முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். அங்கே பலனில்லை என்றால், மறுப்பு வந்த ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம், கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு காலக்கெடு.

தண்டனை விஷயம்: ஆர்.சி. புத்தகத்தில் ஸ்பிரிங் பற்றி ஒன்றும் இல்லையே என்று சிலர் வாதிடுகிறார்கள். தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த வாதத்தை நம்பி நான் எந்தக் கட்சிக்காரரையும் நீதிமன்றத்தில் நிறுத்தமாட்டேன். அதே சட்டத்தின் 182-ஏ (4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கோளாறு தெரிந்தே ஓட்டியதற்கு 190-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

ஆய்வாளரும் சர்வேயரும் பார்த்து முடித்த பிறகு, அந்த வண்டிக்கென்று தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஸ்பிரிங்குகளையே மாட்டி ரசீது வாங்குங்கள். ஷாக் அப்சார்பர்களையும் சோதித்து, வீல் அலைன்மென்ட்டும் செய்துவிடுங்கள். கழற்றிய நான்கு ஸ்பிரிங்குகளையும் எது எந்தச் சக்கரத்துடையது என்று எழுதிக் கட்டி, வழக்கு முடியும்வரை வைத்திருங்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.