வாதாம் மரத்தடிக்கு ப்ளோயர் வேண்டுமா?

கேள்வி: வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் இடம். முன்பக்கம் சிமெண்டுத் தரை, பின்பக்கம் மண். ஒரு வேம்பு, ஒரு மா, மூலையில் ஒரு வாதாம். மாசி பிறந்தால் வேம்பு கொட்டும், வாதாம் வருஷத்துக்கு இரண்டு முறை மொட்டையாகும். பெருக்க வந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார். எனக்கு வயது 61, குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மகன் ஆன்லைனில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு ப்ளோயரை (காற்றை ஊதி இலையைத் தள்ளுகிற மிஷின்) பார்த்துவிட்டு வாங்கட்டுமா என்கிறான். கடைக்காரரோ பெட்ரோல் மிஷின்தான் உழைக்கும் என்கிறார். எதை வாங்குவது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ரெண்டையுமே கொஞ்சம் தள்ளி வையுங்கள் அம்மா. எல்லாரும் மரத்தைப் பார்த்துக் கருவி வாங்குகிறார்கள், பார்க்க வேண்டியது தரையை. உங்களுக்கு ரெண்டு தரை இருக்கிறது, அதனால் ஒரே கருவி போதாது. நல்லவேளை, நான் சொல்லப்போகிற ரெண்டு கருவியும் சேர்ந்தே மகன் பார்த்த விலைக்குள் அடங்கிவிடும்.

முதலில் மண் தரை. அங்கே ப்ளோயர் வேண்டவே வேண்டாம். நானும் ஒரு மாசியில் ஆசைப்பட்டு ஒன்றை வாங்கிப் பின்கட்டில் ஓட்டினேன். இலை போனதோ இல்லையோ, பக்கத்து வீட்டு அக்கா கொடியில் போட்டிருந்த வேட்டி நாலும் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டன. திரும்பத் துவைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காற்றுக்கு இலை எது, புழுதி எது என்று தெரியாது. மேல்மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் வேர் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

மா இலைக்கும் வாதாம் இலைக்கும் விசிறி மாதிரி விரிந்த, இலை வாருகிற கம்பி ரேக் வாங்குங்கள். மண்ணைக் கிளறுகிற, குட்டையான இரும்புப் பல் வைத்த ரேக்கையும் கடையில் அதே பெயரில்தான் கொடுப்பார்கள், அது வேறு. நமக்கு வேண்டியது கம்பியை விரலால் அழுத்தினால் வளைந்து திரும்ப நிமிர்வது. பிளாஸ்டிக் பல் வெயிலில் காய்ந்து ஒவ்வொன்றாக ஒடியும், கம்பியே நல்லது. விரிவைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி கிடைத்தால் செடிக்கு நடுவிலும் விட்டு இழுக்கலாம். கைப்பிடி உங்கள் தாடை உயரத்துக்காவது வர வேண்டும். இடுப்பு வலிக்கு முக்கியக் காரணமே குட்டைக் கைப்பிடிதான்.

ஆனால் வேம்பிடம் ரேக் தோற்றுப்போகும். வேப்பிலை கொத்தாக விழுந்தாலும் காய்ந்ததும் ஈர்க்கு தனி, சிற்றிலை தனி என்று பிரிந்துவிடும். ரேக் ஈர்க்கை மட்டும் வாரிக்கொண்டு வரும், சிற்றிலையெல்லாம் பல்லுக்கு நடுவே நழுவி அங்கேயே கிடக்கும். அதற்குத் தென்னை ஈர்க்குமாறுதான். நின்றபடி பெருக்க ஒரு வழி இருக்கிறது. நாலடி மூங்கில் கழியின் நுனியைச் சீவி, துடைப்பத்தின் அடிக்கட்டுக்கு நடுவில் ஆப்பு மாதிரி அடித்து இறக்குங்கள், மேலே சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். ஈர்க்கு காயக் காய கட்டு தளரும். அப்போது கழியின் மேல்முனையைத் தரையில் ரெண்டு குத்து குத்தினால் துடைப்பம் இறங்கித் திரும்ப இறுகிவிடும். பெருக்கும் முன் லேசாகத் தண்ணீர் தெளித்தால் புழுதி எழாது. (இலை முடிந்த கையோடு வேப்பம்பூ கொட்டும். ரசத்துக்கு வேண்டுமானால் அன்றைக்கு மட்டும் மரத்தடியில் பழைய புடவையை விரித்துவிடுங்கள், பெருக்கி எடுத்த பூவில் மண் நறநறக்கும்.)

குனியாமல் பெருக்கிவிட்டு அள்ளும்போது குனிந்தால் என்ன பிரயோஜனம்? தார்ப்பாயை விரித்து இலையை அதன்மேல் தள்ளி, நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள். மிச்சம் மீதியை ரெண்டு கையிலும் பாக்குமட்டைத் துண்டை வைத்துக் கவ்வி எடுக்கலாம். நேற்றுக் குவித்த குவியலில் வெறும் கையை விடாதீர்கள், தேள் இருக்கும். வீட்டுச் சுவரை ஒட்டியும் குவிக்க வேண்டாம், கட்டுவிரியனுக்கு அது நல்ல இடம்.

இப்போது சிமெண்டுத் தரை. இங்கே ப்ளோயர் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மகன் பார்த்தது, விலையை வைத்துச் சொல்கிறேன், ஏசிக்கும் கம்ப்யூட்டருக்கும் தூசி ஊதுகிற சின்ன மிஷின். மூக்கு ஒல்லியாக இருப்பதால் காற்று வேகமாக வரும், அளவு குறைவு. குவியலைத் தள்ளிக்கொண்டு போக அளவுதான் வேண்டும். பெட்டியில் காற்றின் வேகத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நிமிஷத்துக்கு எத்தனை கன அடி என்று பொடி எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள்.

பேட்டரி ப்ளோயர் என்றால் ஒரு கணக்கு. 20 வோல்ட் என்று போட்டிருப்பது முழு சார்ஜில் காட்டுவது, ஓடும்போது 18 தான். பேட்டரியின் கொள்ளளவை ஆம்பியர்-ஹவரில் போட்டிருப்பார்கள். 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 18-ஐ 4-ஆல் பெருக்கினால் 72 வாட்-ஹவர், அதாவது 72 வாட் மிஷினை ஒரு மணி நேரம் ஓட்டுகிற மின்சாரம். மிஷின் 400 வாட் இழுத்தால் முழு வேகத்தில் பதினோரு நிமிஷத்துக்கும் கீழே முடிந்துவிடும். முன்வாசலுக்கு அது தாராளம். 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரியோடு மலிவாகத் தருவதை வாங்கினால் வாசலில் பாதியில் நிற்பீர்கள். வீட்டில் ஏற்கெனவே பேட்டரி டிரில் இருந்தால் அதே கம்பெனி ப்ளோயருக்கு அந்த பேட்டரி பொருந்துமா என்று பாருங்கள், பாதிச் செலவு மிச்சம்.

பெட்ரோல் மிஷின் கோயில் பிராகாரத்துக்கும் கல்லூரி வளாகத்துக்கும் சரி. ஐந்து சென்ட்டுக்கு வேண்டாம். கையில் பிடிப்பதே நாலைந்து கிலோ, பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், பழைய டிவிஎஸ் 50 விட்ட அதே புகை, காதில் பஞ்சு வைக்காமல் ஓட்ட முடியாத சத்தம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2022 ஜனவரி முதல் இதை ஓட்டவே கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள்.

உங்களுக்கு என் முடிவு: ரேக் ஒன்று, நீளக் கைப்பிடி ஈர்க்குமாறு ஒன்று, தார்ப்பாய் ஒன்று. ஒரு மாசி அதிலேயே ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் முன்வாசல் பெரும்பாடாக இருந்தால் பேட்டரி ப்ளோயர்.

கேள்வி: முன்புறம் முழுக்க அலங்காரக் கூழாங்கல் பரப்பியிருக்கிறோம். மேலே புளியமரம். ஒரு இலையைக்கூட எடுக்க முடியவில்லை.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: புளியமரத்தடியில் கூழாங்கல் போடச் சொன்னவரைத்தான் முதலில் பெருக்கச் சொல்ல வேண்டும். சரி, போட்டாகிவிட்டது. துடைப்பம் கல்லையும் சேர்த்துத் தள்ளும், ரேக் இழுத்துக்கொண்டு வரும். இங்கே ப்ளோயர்தான் ஒரே வழி. மூக்கைத் தரையோடு சாய்த்து, ஓரடி தள்ளிப் பிடித்து, குறைந்த வேகத்தில் ஓட்டினால் இலை எழும்பும், கல் கிடக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு ஓட்டுங்கள், ஈர இலை அசையாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உறிஞ்சிப் பொடியாக்குகிற வகையைச் சிபாரிசு செய்வார்கள், வாங்காதீர்கள். ஒரு சின்னக் கல் உள்ளே போனால் போதும், பிளாஸ்டிக் விசிறி உடைந்துவிடும்.

கேள்வி: சேர்ந்த இலையைத் தெருமுனையில் கொளுத்தலாமா? எங்கள் தெருவில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: கூடாது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே தெருவிலும் பொது இடத்திலும் எரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. தென்னை இருந்தால் தூரைச் சுற்றி வட்டப்பாத்தியில் அரையடிக்குப் பரப்பிவிடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் கறையான் ஏறும். வேப்பிலை சீக்கிரம் மக்கிவிடும். மா இலையும் வாதாம் இலையும் அடம்பிடிக்கும், காரை ரெண்டு முறை மேலே ஏற்றி இறக்கி நொறுக்கிவிட்டுப் போட்டால் கொஞ்சம் சீக்கிரம் மக்கும்.