அப்பாவின் கட்டியில் இருக்கும் பிறழ்வு எனக்கும் வருமா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 61 வயது. இரைப்பையில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் 'ஜிஸ்ட், கிட் மரபணுவில் பிறழ்வு, எக்ஸான் 11' என்று இருக்கிறது. மூன்று வருஷம் தினமும் இமாடினிப் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். மரபணு என்றால் பரம்பரைதானே? எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஜிஸ்ட் என்பது இரைப்பை, குடல் போன்ற உணவுப்பாதையின் சுவரில் வரும் ஒரு வகைப் புற்றுக்கட்டி. இந்தப் பிறழ்வு பெரும்பாலும் அப்பா பிறக்கும்போதே உடம்பில் இருந்ததல்ல, இரைப்பைச் சுவரில் ஏதோ ஒரு செல்லில் பிற்காலத்தில் ஏற்பட்டது, அதனால் பிள்ளைகளுக்குப் போகாது. குடும்பத்தில் வேறு யாருக்காவது ஜிஸ்ட் வந்திருந்தாலோ, ஒரே ஆளுக்குப் பல இடத்தில் கட்டி இருந்தாலோ மட்டும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். அது மிக அரிது.

சரி, உள்ளே நடந்தது என்ன? உணவுப்பாதையின் அசைவுக்குத் தாளம் போடும் காஜல் செல்கள் என்று உண்டு, ஜிஸ்ட் இந்த வகைச் செல்லிலிருந்துதான் கிளம்புகிறது. அவற்றின் மேல்பரப்பில் 'கிட்' என்ற ஏற்பி இருக்கிறது. வெளியிலிருந்து ஒரு புரதம் வந்து ஒட்டினால்தான் அது 'வளரு' என்று செல்லுக்குள் சொல்லும், மற்ற நேரம் சும்மா இருக்கும். அப்படி அதை அடக்கி வைக்கிற தாழ்ப்பாள் போன்ற பகுதிக்காகக் கிட் மரபணுவில் இருக்கும் குறிப்புதான் எக்ஸான் 11. தாழ்ப்பாள் உடைந்தால் யாரும் சொல்லாமலே 'வளரு, வளரு' என்று ஓயாமல் உத்தரவு போகும்.

1998-இல் ஜப்பானில் ஹிரோட்டா குழுவினர் இதைக் கண்டுபிடிக்கும்வரை இந்தக் கட்டிகளில் பலவற்றைத் தசைக்கட்டி என்றே நினைத்தார்கள், கீமோவும் பெரிதாகக் கேட்கவில்லை. 2000-இல் ஃபின்லாந்தில், கட்டி உடம்பில் பரவிவிட்ட ஒரு பெண்ணுக்கு, அந்த 'வளரு' உத்தரவைத் தடுக்கும் இமாடினிப் கொடுத்தபோது சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின. என்னைப் போன்றவர்களுக்கு அது மறக்க முடியாத செய்தி.

பிறழ்வு எந்த இடத்தில் என்பதுதான் மிக முக்கியம். எக்ஸான் 11 என்றால் இமாடினிப் நன்றாகக் கேட்கும், வழக்கமான அளவு 400 மில்லிகிராம். எக்ஸான் 9 என்றால், கட்டி பரவிய நிலையில், பெரும்பாலும் 800 வரை போவார்கள். பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற இன்னொரு ஏற்பியில் டி842வி பிறழ்வு இருந்தால் இந்த மாத்திரையால் பலனில்லை, அதற்கு வேறு மருந்து. அதனால் ரிப்போர்ட் நகலை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

அப்புறம், கண்ணைச் சுற்றி வீங்குகிறது, குமட்டுகிறது என்று அப்பா தானாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துப் போடச் சொல்லுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் பேசுங்கள். செலவை நினைத்து நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை, இந்த மருந்துக்குக் காப்புரிமை கிடையாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் ஜெனரிக் மாத்திரையே கிடைக்கிறது.