திருமண வரவேற்புகளில் டிஜே பணிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒயர்லெஸ் மைக் போதுமா, யுஎச்எஃப் வாங்க வேண்டுமா?

யுஎச்எஃப், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸைவிடக் குறைந்த அலைவரிசையில் இயங்கும் மைக், வாங்குவதே நல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை வைஃபையும் புளூடூத்தும் பகிர்ந்துகொள்வதால், காலி மண்டபத்தில் சோதித்தபோது தெளிவாக ஒலித்த மைக், விருந்தினர்கள் கைபேசிகளுடன் நிறைந்தபின், பெரியவர் ஒருவர் மணமக்களை வாழ்த்திப் பேசும் வேளையில் விட்டுவிட்டு ஒலிக்கக்கூடும். மனித உடல்களும் அந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சுகின்றன. இரண்டு ஆன்டெனாக்களில் வலுவான சிக்னலைத் தானே தேர்ந்தெடுக்கும் டைவர்சிட்டி ரிசீவரும், அலைவரிசையை மாற்றிக்கொள்ளும் வசதியும் கட்டாயம் வேண்டும்.

ரிசீவரை மேசைக்கடியில் மறைக்காமல், தலைமட்டத்துக்கு மேல், மைக்குக்கு நேரே தெரியும்படி வையுங்கள். விலையுயர்ந்த கருவியைக்கூடத் தவறான இடம் கெடுத்துவிடும். மைக் பிடித்துப் பழகாதவர்களே அதிகம் பேசுவார்கள் என்பதால், பின்புற ஒலியைக் குறைவாக வாங்கும் கார்டியாய்டு வகை ஏற்றது.

நீங்கள் அமெரிக்காவில் இருந்தால், பழைய 600 மெகாஹெர்ட்ஸ் யுஎச்எஃப் கருவி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பட்டையின் பெரும்பகுதியில் 2020 ஜூலை முதல் ஒயர்லெஸ் மைக்குகளுக்கு அனுமதியில்லை.