திருமங்கலத்துக் கரிசலும் அமேசான் கருமண்ணும் ஒரே வகையா?

இல்லை. நிறம் மட்டும்தான் ஒன்று. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் இயற்கையாக உருவானது. களிமண் மிகுந்து, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வகைப்பாட்டில் அது வெர்டிசால்.

அமேசானின் 'டெர்ரா பிரேட்டா' மனிதர்கள் வாழ்ந்து உண்டான மண். அடுப்புக்கரி, மீன்முள், எலும்பு, சாம்பல் எல்லாம் பல நூற்றாண்டுகள் சேர்ந்தது. அதனால்தான் பாஸ்பரசும் கால்சியமும் அதிகம். உலக மண் வகைப்பாடு இதை ஆந்த்ரோசால், அதாவது மனிதரால் உருவான மண், என்கிறது. அடர்நிறம், கரிமச்சத்து, பாஸ்பரஸ், கரித்துண்டு அல்லது பானை ஓடு, எல்லாம் பார்த்து 'பிரேட்டிக்' அடுக்கு என்பார்கள். அது குறைந்தது 20 செ.மீ. தடிமன் இருக்க வேண்டும். மண்ணே ஆந்த்ரோசால் ஆக அந்த அடுக்கு 50 செ.மீ. வேண்டும்.

அப்போ, பழைய ஊர் இருந்த கீழடி மண்ணையும் 'பிரேட்டிக்' எனலாமா? பானை ஓடு கிடைத்தால் மட்டும் போதாது. ஆய்வகத்தில் பாஸ்பரஸ் பார்க்காமல் அந்தப் பெயர் வைப்பது சரியில்லை.