வணிகப் பள்ளி ஃபெலோஷிப்: கொங்குப் பகுதி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வளரும் நாடுகளின் இளம் தொழில்முனைவோருக்கு வெளிநாட்டு வணிகப் பள்ளிகளில் கிடைக்கும் உதவித்தொகைகள் (ஃபெலோஷிப்) குறித்து வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கடைசித் தேதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் அவற்றை அந்தந்தப் பள்ளியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வதே முறை.

ஈரோட்டில் மஞ்சளிலிருந்து குர்குமின் பிரித்தெடுக்கும் சிறு தொழில் நடத்துகிறேன். முதலில் எம்பிஏ சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வேண்டுமா, ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டுமா?

எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்குக் கிடையாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிலையன்ஸ் திருபாய் ஃபெலோஷிப்புக்கு, எம்பிஏ விண்ணப்பத்துக்கு முன்பே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் வசிக்கும், நிதித் தேவையுள்ள இந்தியக் குடிமக்களுக்கான இந்த உதவி ஆண்டுக்கு அதிகபட்சம் 5 பேருக்கே கிடைக்கும் என்பதோடு, இறுதிப் பட்டியலில் இடம்பெற்றவரும் பின்னர் சேர்க்கைக்கு விண்ணப்பித்து இடம் பெற்றால்தான் தொகை அவருக்கு உறுதியாகும். ஆக்ஸ்ஃபோர்டின் சையித் வணிகப் பள்ளியில் ஓராண்டு எம்பிஏ-வுக்கு வழங்கப்படும் ஸ்கோல் உதவித்தொகைக்கோ சேர்க்கை விண்ணப்பமே அடிப்படை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2007-இல் லெகாட்டம் மையம் என்ற பெயரில் தொடங்கி, இப்போது குவோ ஷார்ப்பர் மையம் எனப்படும் அமைப்பின் ஃபெலோஷிப் எம்ஐடி மாணவர்களுக்கு உரியது; வெளியிலிருந்து நேரடியாக அதைக் கேட்க வழியில்லை.

ஸ்கோல் உதவித்தொகை சமூகத் தொழில்முனைவோருக்கானது, அதாவது சமூகப் பிரச்சினையைத் தீர்க்கத் தொழில் நடத்துபவர்களுக்கானது என்பதையும் கவனியுங்கள். மஞ்சள் விவசாயிகளிடமிருந்து வாங்குகிறோம் என்பதாலேயே உங்கள் தொழில் சமூகத் தொழில் ஆகிவிடாது. உங்களுக்கு விற்பதால் அந்த விவசாயிக்கு விலையிலோ, பணம் கைக்கு வரும் நாளிலோ என்ன மாற்றம் ஏற்பட்டது என்று உங்கள் கொள்முதல் கணக்கிலிருந்தே காட்ட முடிய வேண்டும். மஞ்சள் வரத்து உச்சத்தில் இருக்கும் மாசி, பங்குனியில் விண்ணப்பக் கட்டுரை எழுத உட்கார வேண்டாம் என்பது என் தனிப்பட்ட ஆலோசனை. எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும் என்பதால் அதை முந்தைய ஆண்டே எழுதி முடித்துவிடலாம்.

திருப்பூரில் அப்பாவின் பனியன் கம்பெனியில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இதைத் தொழில்முனைவு அனுபவமாகக் காட்டலாமா? பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் வாங்குவது?

தாராளமாகக் காட்டலாம். ஆனால் கம்பெனியின் விற்றுமுதலும் வெளிநாட்டு வாடிக்கையாளர் பட்டியலும் உங்கள் அப்பாவின் சாதனைகள்; தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் இதைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் வராதிருந்தால் நடந்திருக்காத ஒன்றை எடுத்து, அதைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுங்கள். கழிவுநீர் வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன்பின் ஊர் முழுவதும் கழிவுநீரை வெளியேற்றாத சுத்திகரிப்புக்கு மாறியதும் உங்களுக்குத் தெரிந்ததே. அந்தச் செலவுச் சுமைக்குள் இருந்துகொண்டு, ஒரு கிலோ துணிக்கு ஆகும் தண்ணீரையோ மறுசாயம் போட வேண்டிய துணியின் அளவையோ நீங்கள் குறைத்திருந்தால், முதலில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு, இடையில் யார் எதிர்த்தார்கள், அவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எழுதினாலே நல்ல கட்டுரை கிடைத்துவிடும். அப்பா எதிர்த்திருந்தால் அதையும் மரியாதை குறையாமல் எழுதலாம்.

பரிந்துரைக் கடிதத்தை அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ மாமாவிடமோ வாங்கக் கூடாது. ஆடிட்டருக்கு உங்கள் கணக்கு தெரியுமே தவிர, நீங்கள் ஆட்களை நடத்தும் விதம் தெரியாது. உங்களோடு நேரடியாக வேலை செய்த பையிங் ஹவுஸ் (வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஆடை கொள்முதல் செய்யும் அலுவலகம்) மேலாளர், நூல் சப்ளை செய்பவர் போன்றோர் பொருத்தமானவர்கள். “நீயே எழுதிக் கொண்டு வா தம்பி, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்று அவர்கள் அன்பாகச் சொல்வார்கள்; ஏற்காதீர்கள். பள்ளிகள் அதை அனுமதிப்பதில்லை. இரண்டு கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பொள்ளாச்சி அருகே குடும்பத்துக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது, ஆனால் கையில் பணம் இல்லை. நிதித் தேவை உள்ளவன் என்று விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், சொத்தை மறைக்காமல். ஹார்வர்டு வணிகப் பள்ளி தன் உதவித்தொகையை நிதித் தேவையின் அடிப்படையில்தான் வழங்குகிறது. இத்தகைய இடங்களில் வருமானத்தோடு சொத்தும் கேட்கப்படும். விவசாய வருமானத்துக்கு வரி விலக்கு இருப்பதால் வருமான வரிக் கணக்கில் உங்கள் வருமானம் மிகச் சிறியதாகத் தெரியும். நிலத்தின் சந்தை மதிப்போ கோடிகளில் நிற்கும். இரண்டையும் விளக்கமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சந்தேகமே எழும். ஆகவே பட்டா யார் பெயரில் இருக்கிறது, பாகம் பிரிந்துவிட்டதா, பயிர்க்கடன் பாக்கி எவ்வளவு, வெள்ளை ஈயாலும் வேர் வாடல் நோயாலும் காய்ப்பு எவ்வளவு குறைந்தது என்பவற்றைக் கூடுதல் விளக்கத்துக்கான பகுதியில் ஆவணங்களோடு எழுதுங்கள்.

கரூரிலிருந்து: படித்து முடித்ததும் திரும்பி வர வேண்டும் என்று நிபந்தனை உண்டா?

உண்டு. ரிலையன்ஸ் ஃபெலோ எம்பிஏ முடித்த 2 ஆண்டுகளுக்குள் இந்தியா திரும்பி, இங்குள்ள நிறுவனத்தில் குறைந்தது 2 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையில், படிப்பு முடிந்ததும் 2 ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். 1892-இல் தொடங்கப்பட்ட ஜே.என். டாட்டா அறக்கட்டளையின் நிபந்தனை பணத்தைப் பற்றியது; அது தருவது கடன் உதவித்தொகை. அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

நாமக்கல்லில் தமிழ் வழியில் மூன்றாண்டு பி.காம் படித்தேன். தகுதி உண்டா?

மூன்றாண்டுப் பட்டத்தை ஹார்வர்டு உட்படப் பல பள்ளிகள் ஏற்கின்றன. தமிழ் வழியில் படித்திருப்பதால் டோஃபெல் அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு தேவைப்படும். அந்த மதிப்பெண் 2 ஆண்டுகளே செல்லும் என்பதால் மிகவும் முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள்.

கோவையில் கிரைண்டர் உதிரிபாகத் தொழில் தொடங்க விரும்புகிறேன். எனக்கு வயது 41. ஃபெலோஷிப் கிடைத்தால் அந்தப் பணத்தில் இயந்திரம் வாங்கலாமா?

முடியாது, அம்மா. அந்தத் தொகை படிப்புக் கட்டணத்துக்கும் அதைச் சார்ந்த செலவுக்கும் உரியது. உங்களுக்குத் தேவைப்படுவது முதலீடுதான் என்றால், இரண்டாண்டுப் படிப்பைத் தேடி அலைவதைவிட மாவட்டத் தொழில் மையத்துக்குச் சென்று, தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தைப் பற்றி விசாரிப்பது நல்லது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான இத்திட்டத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீத மானியம், 75 லட்சம் ரூபாய் வரம்புக்குள் கிடைக்கிறது, பயிற்சியும் உண்டு. உங்கள் கல்வித் தகுதியும் வயதும் எந்தப் பிரிவில் வரும் என்பதை அங்கேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.