ஃப்ளோரன்ஸில் ஓட்டிய காருக்கு ஏழு மாதம் கழித்து அபராதம்: கட்ட வேண்டுமா?

கேள்வி: போன அக்டோபரில் ரோமில் கார் வாடகைக்கு எடுத்து, சியன்னா பார்த்துவிட்டு ஃப்ளோரன்ஸ் போனோம். ஹோட்டல் பழைய நகருக்குள் இருந்தது. டிசம்பரில் வாடகை கார் நிறுவனம் என் கார்டில் இரண்டு முறை 45 யூரோ எடுத்தது, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நேற்று கோவை வீட்டுக்கு ஃப்ளோரன்ஸ் நகராட்சியிலிருந்து இரண்டு பதிவுத் தபால் வந்திருக்கிறது. அங்கே எந்த போலீஸும் எங்களை நிறுத்தவே இல்லை. இவ்வளவு தாமதமாக அனுப்பினால் செல்லுமா? கட்டாவிட்டால் அடுத்த விசா கிடைக்காதா?

பதில்: டிசம்பரில் போன பணம் அபராதம் இல்லை. காரை ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டபோது உங்கள் பெயர், முகவரியைக் கொடுத்ததற்காக நிறுவனம் எடுத்த கட்டணம் அது. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே அது இருக்கும், எடுத்துப் பாருங்கள். அபராதம் தனி, அதுதான் இப்போது வந்திருப்பது.

தாமதம் உங்களுக்கு உதவாது. இத்தாலியில் இருப்பவருக்கு 90 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும், ஆனால் வெளிநாட்டில் வசிப்பவருக்கு அவர்கள் சாலைச் சட்டத்தின் 201ஆவது பிரிவு 360 நாள் தருகிறது. யாரும் நிறுத்தாததும் வாதம் ஆகாது, ஏனென்றால் பழைய நகரின் பெரும்பகுதி இசட்.டி.எல், அதாவது அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையக்கூடிய பகுதி. நுழைவிடத்தில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை, பக்கத்தில் ‘வார்கோ அத்தீவோ’ என்று ஒளிரும் எழுத்து. ‘அத்தீவோ’வைப் பார்த்தால் ஏதோ திறந்திருக்கிறது, போகலாம் என்றுதான் நம் ஆட்களுக்குத் தோன்றும். கட்டுப்பாடு அமலில் இருக்கிறது, நுழையாதே என்பதுதான் அதன் பொருள். நம்பர் பிளேட்டைப் படமெடுப்பது கேமரா.

நீங்கள் அனுப்பிய இரண்டு தாளையும் பார்த்தேன். முதலாவது, நீங்கள் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்த செவ்வாய் மாலை 6.40. இரண்டாவது மறுநாள் மாலை, வேறொரு நுழைவில், போன்டே வெக்கியோ பாலத்தைப் பார்க்கப் போன வழியில். இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள்.

முதலாவதை எதிர்க்க இடமிருக்கிறது. பழைய நகருக்குள் இருக்கும் ஹோட்டல்கள் விருந்தினரின் கார் எண்ணை நகராட்சிக்குத் தெரிவித்து அனுமதி வாங்க முடியும். உங்கள் எண்ணைத் தெரிவித்தார்களா என்று இன்றே கேளுங்கள். தெரிவித்திருந்தால் அதற்கான சான்றையும் புக்கிங் ரசீதையும் வைத்து பிரிஃபெக்ட் எனும் அரசு அதிகாரிக்கு 60 நாட்களுக்குள் மனு போடலாம், கட்டணம் இல்லை. தோற்றால் தொகை குறைந்தது இரட்டிப்பாகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒருமுறை பணம் கட்டிவிட்டால் மனு போடும் உரிமை போய்விடும், அதனால் பயத்தில் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

இரண்டாவதுக்கு எனக்கு எந்த வாதமும் தெரியவில்லை, கட்டிவிடுங்கள். குறைந்தபட்சத் தொகை 83 யூரோ, ஐந்து நாளில் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி போக 58.10, அதற்கு மேல் தபால் செலவு. வங்கி வழியாக அனுப்பினால் அவர்கள் கணக்கில் சேருவதற்குள் ஐந்து நாள் ஓடிவிடும், கார்டில் ஆன்லைனில் கட்டுங்கள். 60 நாள் தாண்டினால் 166 யூரோ.

கட்டாமலே விட்டால்? நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவில் வெளிநாட்டு அபராதத்தை இங்கே வசூலிக்க வழியில்லை, அது உண்மைதான். ஷெங்கன் விசா படிவத்திலும் போக்குவரத்து அபராதம் பற்றிக் கேள்வி கிடையாது, இது குற்ற வழக்கும் இல்லை. ஆனாலும் ஐரோப்பாவுக்கு மறுபடி போக நினைக்கிற ஒருவர் 58 யூரோவுக்காக அங்கே நிலுவை வைத்துக்கொண்டு அலையும்படி நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை காரோடு போனால் ஏ1 நெடுஞ்சாலையை ஒட்டியே வில்லா கோஸ்தான்சா பார்க்கிங் இருக்கிறது. அங்கே விட்டுவிட்டு டி1 டிராமில் ஏறினால் சான்டா மரியா நோவெல்லா ரயில் நிலையத்தில் இறங்கலாம், அங்கிருந்து பேராலயத்தின் மேல் புருனெல்லெஸ்கி கட்டிய குவிமாடம் நடக்கிற தூரம்தான்.

சரி, ஹோட்டலுக்கு எழுதும்போது கார் எண், வந்த தேதி, நேரம் மூன்றையும் போடுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், மனுவை எழுதித் தருகிறேன்.